மூன்று நிமிட இடைவேளை: வேலைக்கு நடுவே மனதை இறக்கி வைக்கும் முறை

காலை பதினோரு மணிக்கு டீ வருகிறது. ஒரு கையில் டம்ளர், மறு கையில் போன். குடும்பக் குழுவில் குவிந்து கிடக்கும் செய்திகள், நடுவில் ஒரு விபத்து வீடியோ, அதற்குக் கீழே மேலாளரின் "அந்த ஃபைல் என்ன ஆச்சு?" டீ எப்போது தீர்ந்தது என்றே தெரியாது. இருக்கைக்குத் திரும்பும்போது பத்து நிமிடம் போயிருக்கும், அலுப்பு அப்படியே இருக்கும்.

கை வேலையை விட்டது, கவனம் விடவில்லை. கண் பெரிய திரையிலிருந்து சின்னத் திரைக்கு மாறியது. மனம் ஒரு தொல்லையை விட்டு இன்னொரு தொல்லையைப் பிடித்துக்கொண்டது. உடம்பு இதை ஓய்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கவன இடைவேளை என்று இங்கே சொல்லப்போவது வேறு. சில நிமிடங்களுக்கு எந்த வேலையையும் எந்தச் செய்தியையும் உள்ளே விடாமல், அந்த நேரத்தில் உடம்பிலும் சுற்றிலும் நடப்பதை மட்டும் வேண்டுமென்றே கவனிப்பது. தியானம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பாய் விரிக்க வேண்டியதில்லை. சரியாகச் செய்தால் பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரியாது.

இந்த முறைக்கு ஒரு மருத்துவப் பின்னணி உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979இல் ஜான் கபாட்-ஸின், நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்காக ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். பௌத்த தியானத்திலிருந்து எடுத்த முறைகளை மதச் சடங்குகள் இல்லாமல் கற்றுக்கொடுத்தார். இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஊரெல்லாம் புழங்கும் விஷயம் மருத்துவமனைக்குள் கால் வைத்தது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். பிற்பாடு ஸிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள், மனச்சோர்வு நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமலிருக்க எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். வீட்டில் படுத்துக்கொண்டோ உட்கார்ந்தோ செய்யும் நீண்ட பயிற்சிகள் அதில் இருந்தன. ஆனால் சிக்கல் வருவது வீட்டுப் பாயில் இல்லை. அலுவலகத்திலும் பஸ்ஸிலும் சமையலறையிலும்தான். அந்த இடங்களில் செய்வதற்கென்று அவர்கள் சேர்த்ததுதான் மூன்று நிமிட மூச்சுப் பயிற்சி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பதால் அதையே அடிப்படையாக வைத்துப் பார்ப்போம்.

மூன்று நிமிடத்தில் என்ன செய்வது

உட்கார்ந்திருந்தால் இரண்டு பாதமும் தரையில் படட்டும், முதுகு நாற்காலியில் சாயாமல் சற்றே முன்னால் இருக்கட்டும். நின்றால் ஒரு காலில் சாய்ந்து நிற்காமல் எடையை இரண்டு காலுக்கும் பகிர்ந்து நில்லுங்கள். கண்ணை மூடலாம், பொது இடமென்றால் பாதி திறந்து, ஒரு மீட்டர் தள்ளித் தரையில் ஏதாவது ஓரிடத்தைப் பார்த்தால் போதும்.

முதல் நிமிடம் கணக்கெடுப்பு. "இப்போது எனக்குள் என்ன நடக்கிறது?" என்று கேட்டு, உடம்பு, மனநிலை, எண்ணம் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். தோள் காதுவரை ஏறியிருக்கிறது. எரிச்சல். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். இப்படி ஓரிரு சொல்லில் பெயர் வைத்தால் போதும். ஏன் எரிச்சல், யாரால் எரிச்சல் என்று விசாரணைக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் அந்த நிமிடம் முழுக்க விசாரணையிலேயே போகும். எதையும் சரிசெய்யவும் வேண்டாம். தோள் இறுகியிருக்கிறது என்று தெரிந்தாலே பாதி நேரம் அது தானாகத் தளரும், தளராவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது நிமிடம் குறுகுவது. கவனம் முழுவதையும் மூச்சு தெரியும் ஒரே ஓர் இடத்தில் வையுங்கள்: மூக்கு நுனி, நெஞ்சு அல்லது வயிறு. மூன்றில் எது தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொண்டு, நடுவில் மாற்றாமல் இருங்கள். மூச்சை விடும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பத்துவரை போங்கள். நாலாவது எண்ணிக்கையிலேயே மனம் ரேஷன் கடைக்கோ பாஸிடமோ போய்விடும். போனது தெரிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அலைந்த மனதைக் கண்டுபிடித்துத் திருப்புவதுதான் இங்கே பயிற்சி. பத்துவரை தவறாமல் எண்ணி முடிப்பது கூடுதல் லாபம், அவ்வளவே.

மூன்றாவது நிமிடம் விரிவது. மூச்சிலிருந்து கவனத்தை உடம்பு முழுக்கப் பரப்புங்கள். பாதத்துக்குக் கீழே தரை, தொடைக்குக் கீழே நாற்காலி, கையில் காற்று, முகத்தில் தாடை. பிறகு அறையின் சத்தங்கள்: மின்விசிறி, வெளியே ஹாரன், யாரோ பேசுவது. கண்ணைத் திறந்து சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: அடுத்து எதைச் செய்யப் போகிறேன்? பதில் சின்னதாக இருக்கட்டும். "அந்த மெயிலுக்குப் பதில்", "வெங்காயம் நறுக்குவது". இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால், இடைவேளை முடிந்ததும் கை பழக்க தோஷத்தில் போனுக்குத்தான் போகும்.

நேரம் பார்க்க டைமர் வைக்கிறவர்கள் மென்மையான ஒலியைத் தேர்ந்தெடுத்துப் போனைக் கவிழ்த்து வையுங்கள். டைமரே வேண்டாமென்றால், நடு நிமிடத்துக்குப் பத்து நிதானமான மூச்சு, முன்னும் பின்னும் சுமார் அதே அளவு. மூன்று நிமிடம் இரண்டரை ஆனாலும் குடி முழுகாது.

மூச்சுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது சற்றுக் குறையும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு, வெளிமூச்சின்போது துடிப்பை அடக்குவதால் இப்படி நடக்கிறது. எனவே வெளிமூச்சு நீளமானால் உடம்பின் வேகமும் கொஞ்சம் இறங்கும். ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அதை ஆறுக்கு அருகில் கொண்டுவந்தால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாக வலுப்படும். கணக்கு எளிது: நாலு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே சொன்ன மூன்று நிமிடப் பயிற்சியில் மூச்சை மாற்றச் சொல்லவில்லை, அது போகிற போக்கில் பார்க்கத்தான் சொன்னோம். பார்ப்பது வேறு பயிற்சி, மெதுவாக்குவது வேறு பயிற்சி. சாதாரண நாளில் முதலாவது போதும். நெஞ்சு படபடக்கிற, கை நடுங்குகிற நேரத்தில் வெறுமனே பார்க்கச் சொன்னால் படபடப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். அப்போது நாலு-ஆறு கணக்குக்கு மாறுவது நல்லது. இன்னொரு வழியும் உண்டு. மூக்கால் இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, வாய் வழியாக நீளமாகப் பெருமூச்சு விடுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் இதைச் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்தவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தது. வீட்டில் பாட்டி "உஸ் அப்பாடா" என்று விடும் மூச்சும் இந்த வகைதான் என்று சொன்னால் தப்பில்லை.

நிறுத்தும் முன் ஒரு வரி

இடைவேளையின் தரம், அது தொடங்கும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. வேலையை நடுவில் விட்டு எழுந்தால் கவனத்தில் ஒரு பங்கு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். அதற்கு அவரும் சக ஆய்வாளரும் பின்னாளில் சோதித்துப் பார்த்த மருந்து மிக எளியது: எழுந்திருக்கும் முன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைப்பது. "மார்ச் கணக்கு 14ஆம் வரி வரை சரி, அடுத்து ஜிஎஸ்டி பில் எண் பார்க்கணும்." பத்து விநாடி வேலை.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கும். நட்ட கல் இரண்டு, அவற்றின் மேல் படுத்த கல் ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், குனியாமல், சுமையை நேராக அதன் மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். புறப்படும்போது அதே உயரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரிக் குறிப்பு செய்வதும் இதையேதான். சுமையைத் தரையில் போட்டுவிட்டால் திரும்பத் தூக்குவது கஷ்டம் என்ற பயத்தில்தான் பலர் இடைவேளையே எடுப்பதில்லை.

எப்போது, எவ்வளவு நேரம்

சோர்ந்து விழுந்த பிறகு எடுக்கும் இடைவேளைக்குப் பலன் குறைவு. ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம்தான் இதற்கு வாகானது. மேலே சொன்ன எட்டு வாரப் பயிற்சியில், முதலில் நாளுக்கு மூன்று முறை, முன்கூட்டியே குறித்த நேரத்தில் செய்யச் சொல்வார்கள். அது பழகிய பிறகுதான் கோபமோ பதற்றமோ வரும் நேரத்தில் பயன்படுத்தச் சொல்வார்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: கிணற்றுப் படியில் நீச்சல் பழகாதவரை வெள்ளத்தில் இறக்குவதில்லை.

அலாரம் வைப்பதைவிட, ஏற்கனவே நடக்கிற ஒன்றோடு முடிந்து வைப்பது நிலைக்கும். மணிக்கொரு அலாரம் வைத்தவர்கள் மூன்றாம் நாளே அதைப் பார்க்காமல் தள்ளிவிடுவார்கள். வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் பிரான்சில் 1982இல் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தில், மணி அடித்தாலும் தொலைபேசி ஒலித்தாலும் செய்வதை நிறுத்தி மூச்சைக் கவனித்துவிட்டுத்தான் தொடர்வார்கள். நம் ஊரில் மணிக்கா பஞ்சம்? கோயில் மணி, பாங்கு, சர்ச் மணி, பள்ளிக்கூடத்து பீரியட் மணி, ஆலைச் சங்கு. உங்கள் காதில் தினமும் தவறாமல் விழும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஆய்வுகள் நேர்மையான பதில் தருகின்றன. பத்து நிமிடத்துக்குள் முடியும் சின்ன இடைவேளைகள் பற்றிய 22 ஆய்வுத் தொகுதிகளை ருமேனிய ஆய்வாளர்கள் 2022இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அலுப்பு குறைகிறது, தெம்பு கூடுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. வேலையின் தரம் கூடுகிறதா என்றால் அவ்வளவு தெளிவில்லை. மூளையைப் பிழிந்தெடுக்கும் வேலைக்குப் பிறகு பத்து நிமிடம் போதவில்லை. அதாவது மூன்று நிமிடம் உங்களைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் மதிய உணவு இடைவேளைக்கோ இரவுத் தூக்கத்துக்கோ மாற்றாகாது. "இரண்டு நிமிட மூச்சு, இரண்டு மடங்கு உற்பத்தி" என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கண்ணுக்கும் காலுக்கும் தனிக் கணக்கு உண்டு. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஏசி அறையில் கண்ணீர்ப் படலமும் சீக்கிரம் காயும். கண் மருத்துவர்கள் சொல்லும் 20-20-20 விதி இதற்குத்தான்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் தள்ளியுள்ள பொருளை, 20 விநாடி பார்ப்பது. அதோடு இரண்டு மூன்று முறை முழுதாக இமையை மூடித் திறங்கள். அரைகுறை இமைப்பில் கண் நனையாது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்கள் எழுந்து நடக்கவும் வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் மெதுவாக நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றமும் ரத்த அழுத்தமும் நன்றாகக் குறைந்தன. பங்கேற்றவர்கள் 11 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வைத்துக்கொண்டால் நிரப்பப் போகிற சாக்கில் நடை தானாக நடக்கும்.

போன் என்ன பாவம் செய்தது

போன் கெட்டது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அம்மாவோடு நாலு வார்த்தை பேசுவது நல்ல இடைவேளைதான். ஆனால் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது, ஒவ்வொரு விநாடியும் "இது வேண்டுமா, வேண்டாமா" என்று மூளையை முடிவெடுக்கச் சொல்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் மாணவர்களுக்குச் சொற்புதிர்கள் கொடுத்து நடுவில் இடைவேளை விட்டார்கள். இடைவேளையைப் போனில் கழித்தவர்கள், அதன் பிறகு இடைவேளையே எடுக்காதவர்கள் அளவுக்குத்தான் தேறினார்கள்.

போன் பார்க்க ஆசையா, அதற்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், இடைவேளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இடைவேளைக்குப் போகும்போது அதை மேசை டிராயரிலோ பையிலோ விட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "பார்க்க மாட்டேன்" என்று உறுதி எடுப்பது வீண் சண்டை.

பார்க்க ஏதாவது வேண்டுமென்றால் பச்சையைப் பாருங்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 2015இல் நடந்த ஒரு சோதனையில், செடி வளர்ந்த மொட்டைமாடிப் படத்தை 40 விநாடி பார்த்தவர்கள், வெறும் கான்கிரீட் மாடியைப் பார்த்தவர்களைவிடக் கவனத் தேர்வில் குறைவாகத் தவறினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இல்லாதவர்களுக்கு மாடியில் இரண்டு தொட்டிச் செடி.

நேரமே இல்லாதவர்களுக்கு

மூன்று நிமிடம்கூடக் கிடைக்காத வேலைகள் நிறைய. அவற்றில் ஏற்கனவே ஒளிந்திருக்கும் இடைவெளிகளைத்தான் தேட வேண்டும். செவிலியர்களுக்குக் கை கழுவும் நேரம்: சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளில் பல தடவை எப்படியும் செய்ய வேண்டிய வேலை அது. தண்ணீரின் குளிர்ச்சி, நுரையின் வழவழப்பு, விரலிடுக்கில் உராயும் உணர்வு என்று அதிலேயே முழுதாக இருந்தால் அது ஒரு நிமிட இடைவேளை. அடுத்த நோயாளியின் கட்டிலை நோக்கி மனம் முன்னாலேயே ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் சவால். கால் சென்டரில் இருப்பவர்களுக்கு இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் மூன்று மூச்சு. டெலிவரி செய்கிறவர்களுக்கு ஓட்டல் வாசலில் பார்சலுக்குக் காத்திருக்கும் நேரம். பஸ்ஸில் நிற்பவர்களுக்கு, கம்பியைப் பிடித்திருக்கும் கையின் அழுத்தமும் வண்டி குலுங்கும்போது காலில் மாறும் எடையும்.

சமையலறைக்கு ஷிப்ட் கிடையாது; "போதும், நீ போய் உட்கார்" என்று சொல்ல ஆளும் இருக்காது. அங்கே பால் அடுப்பில் இருக்கும் நேரம் அருமையானது. பால் பொங்கிவிடும் என்பதால் எப்படியும் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். போனை ஹாலில் வைத்துவிட்டு, ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி கட்டுவது, ஆடை படர்வது, நடுவில் எழும்புவது வரை பார்த்துக்கொண்டே நிற்பது நல்ல இடைவேளை. பாலும் வழியாது. இன்னொன்று டீயோ காபியோ: முதல் ஐந்து மிடறு மட்டும் வேறெதுவும் செய்யாமல். டம்ளரின் சூடு, மணம், நாக்கின் நுனியில் தொடங்கித் தொண்டையில் இறங்கும் வரை. மீதிக் காபியை எப்படி வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசல் இன்னொரு நல்ல இடம். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். ஆபீஸை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போக அது உதவும். ஓடும் வண்டியில் மட்டும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். சிக்னலில் நிற்கும்போதும் கண்ணை மூட வேண்டாம். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கையைத் தளர்த்தினால் போதும்.

எங்கே தவறுகிறது

அமைதி வர வேண்டும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. ஒரு நிமிடம் கழித்து "வந்துவிட்டதா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், வரவில்லை என்றதும் எரிச்சல் கூடும். சில நேரம் மூன்று நிமிடமும் தலைவலியைத்தான் கவனித்திருப்பீர்கள். அதுவும் இடைவேளைதான், தலைவலி இருக்கிறது என்பதே அதுவரை தெரியாமல் இருந்திருக்கும்.

இரண்டாவது, மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் இழுத்துத் தள்ளுவது. "நல்லா இழுத்து விடுங்க" என்ற அறிவுரையின் விளைவு இது. தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரமரக்கும். அப்படி ஆனால் பயப்படாமல் பயிற்சியை நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள், தானாகச் சரியாகும். அளவு எளிது: பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டால் அதிகம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடினால் தூக்கம் வரும். நின்றுகொண்டு, கண் திறந்து செய்யுங்கள். தினமும் எந்த நேரத்தில் செய்தாலும் தூக்கம் வருகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது இந்தப் பயிற்சி இல்லை, தூக்கம்தான்.

இடைவேளையை வேலையால் நிரப்புவது இன்னொன்று. "சும்மா நிற்கும் நேரத்தில் துணியை மடிக்கலாமே." மடிக்கலாம், ஆனால் அது வேலைக் கணக்கு. இன்னும் நைசான வடிவம், கண்ணை மூடிக்கொண்டு நாளைய பட்டியல் போடுவது. முதல் நிமிடத்தில் "திட்டமிடல்" என்று பெயர் வைத்துவிட்டு மூச்சுக்கு வந்துவிடுங்கள். ஆப்களில் "தொடர்ந்து 30 நாள்" என்று பதக்கம் தருவதும் கொஞ்ச நாளில் இன்னொரு இலக்காகிவிடும். ஒரு நாள் விட்டால் சங்கிலி அறுந்த வருத்தத்தில் மொத்தமாக நிறுத்துகிறவர்கள் உண்டு. விட்ட நாளுக்கு மறுநாள் மூன்று மூச்சோடு தொடங்கினால் போதும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது, அது பயிற்சி செய்கிறவருடையது அல்ல. உட்கார நாற்காலி தராமல், கழிப்பறைக்குப் போக நேரம் தராமல், ஊழியர்களுக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தும் நிறுவனங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலின் வலியைக் கவனித்துப் போக்க முடியாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. கடைகளில் நாள் முழுக்க நின்றபடி விற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் வேலை செய்கிறவர்களுக்கு முதல் கவன இடைவேளை, அந்த ஸ்டூலில் உட்கார்வதுதான். மூச்சு அதற்கப்புறம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

பீதித் தாக்குதல் வருகிறவர்களுக்கும், விபத்து, வன்முறை, போர் போன்றவற்றின் நினைவு அடிக்கடி வந்து வாட்டுகிறவர்களுக்கும் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சில நேரம் நிலைமையை மோசமாக்கும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்து, மூச்சுக்குப் பதிலாக வெளியே உள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்: பாதத்துக்குக் கீழே தரை, கையில் ஒரு கல்லோ சாவிக்கொத்தோ, தூரத்துச் சத்தம். அப்போதும் கலக்கம் கூடினால் நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். மேலே சொன்ன எதிலும் மூச்சை அடக்கும் வேலை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் இடைவேளையை நம்பி இருக்காதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416, இலங்கையில் மனநல உதவிக்கான 1926 ஆகிய எண்களில் கட்டணமில்லாமல் பேசலாம்.

தொடங்குவது எப்படி

முதல் இரண்டு நாள் எதையும் செய்யாமல், உங்கள் நாளில் எங்கெங்கே இடைவெளி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். லிஃப்டுக்குக் காத்திருப்பது, கம்ப்யூட்டர் திறக்கும் நேரம், குக்கரில் ஆவி இறங்கும் நேரம். அவற்றில் மூன்றை எடுத்து, "கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மூன்று நிமிடம்", "சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் மூன்று நிமிடம்", "வண்டியை நிறுத்தியதும் ஒரு நிமிடம்" என்று எழுதி வையுங்கள். "நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்று எழுதினால் கிடைக்காது. மூன்றில் இரண்டு நடந்தாலே நல்ல நாள்.

இரண்டு மூன்று வாரம் இப்படிப் போன பிறகு, சூடான நேரத்தில் ஒருமுறை முயன்று பாருங்கள். உறவினர் குழுவில் யாரோ குத்தலாக ஒரு செய்தி போட்டிருக்கிறார். பதில் விரல் நுனியில் வந்து நிற்கிறது. போனைக் கவிழ்த்து வையுங்கள். எரிச்சல், சூடு, இறுகிய தாடை என்று பெயர் வையுங்கள். பத்து மூச்சு. உடம்பு, அறை, சத்தங்கள். பிறகு போனைத் திருப்பி, அந்தச் செய்தியை முதலிலிருந்து ஒருமுறை படியுங்கள். அப்போதும் அதே பதிலைத்தான் அனுப்பத் தோன்றுகிறது என்றால், தாராளமாக அனுப்புங்கள்.